வெத்துக் கூடு

குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில்
மிஞ்சுவது தோட்டாக் கூடுகளுக்கு.
வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில்
இரண்டும் ஒரே தாம்பாளத்தில் காயும்.
'சாமி குத்தம்' என்றாள் மூத்த நாத்தனார்.
பித்தளைக்குத் தெரியுமா
எது திரி, எது மருந்தென்று.

மொத்தம் பதினொன்று.
லைசென்ஸ் அவர் பேரில்:
மாசானமுத்து, த/பெ பரமார்த்தலிங்கம்.
சிவசைலத்துக்கு மேற்கே, மலை முடிகிற இடத்தில்
ஒரு ஏக்கர் இருபது சென்ட், ஏத்தன் வாழை.
துப்பாக்கிக்கு அவர்.
கூடுகளுக்கு நான்.

குண்டு போடுவதில்லை நாங்கள்.
மருந்து, அட்டை, சணல், மேலே மெழுகு.
பன்றிக்குச் சத்தம் போதும்.
எங்களுக்கும்.

இருட்டில் சுட்ட கூட்டை உருவி
எங்கேயாவது எறிந்துவிட்டு
அடுத்ததை நுழைப்பார் அவர்.
விடிந்ததும் பாத்தி பாத்தியாய்க் குனிந்து
தேடுவது என் பாடு.
ஒருதரம் ஒன்று கிடைக்கவே இல்லை.
பக்கக்கன்று தோண்டுகையில் வந்தது, ஏழு மாசம் கழித்து,
பாசி பிடித்து, வாயில் மண் பூசி.
தட்டினேன். உள்ளேயிருந்து
ஒரு குளவி வந்தது, வீட்டுக்காரி மாதிரி முறைத்துக்கொண்டு.
அவள் பிள்ளைகள் போகும்வரை
பத்தே கூடுதான் எங்களுக்கு.

கழுவிக் காய்ந்ததும்
உள்ளங்கையில் நாலைந்தைப் போட்டுக் குலுக்குவேன்.
நல்ல கூடு கொலுசு மாதிரிப் பேசும்.
கீறல் விழுந்தது இருந்தால்
கூட்டமே சளி பிடித்த தொண்டையாகிவிடும்.
ஒவ்வொன்றாய் எடுத்து எடுத்துக் குலுக்கினால்
யாரென்று தெரியும்.

சுட்ட கணக்குக்குப் பக்கவாட்டில்
ஆணியால் ஒரு கோடு.
ஆறு கோடு வாங்கியது ஒன்று, போன தையில்
வாயோரம் மயிரிழை விட்டது.
'எடைக்குப் போடு' என்றார்.
பொட்டல்புதூரில் செய்யது மசூது
குடம் வாங்குவார், சொம்பு வாங்குவார்,
இதைப் பார்த்ததும் தராசையே மூடினார்:
'நம்ம கடைக்கு ஆகாதும்மா.'
திரும்பி வந்து தாம்பாளத்தில் உட்கார்ந்தது.

தேர்தல் தேதி சொன்னார்கள்,
குலை தள்ளுகிற மாசம் பார்த்து.
துப்பாக்கியைக் கோணியில் சுற்றி
கடையம் ஸ்டேஷனுக்குப் போனோம்.
'தோட்டா?' ரைட்டர் ஜெபசிங் நிமிரவில்லை.
'நிறைச்சது மூணு. வெத்து எட்டு.'
'வெத்தை வச்சு நான் என்ன செய்ய?
வீட்டுக்குக் கொண்டு போ.'
ரசீதில் மூணு என்று எழுதினார்.
எட்டும் என் முந்தியில்
பஸ் குலுங்கும்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்தன,
ஒன்று மட்டும் கரகரத்து.

பன்றிக்கு யார் சொன்னதோ.
மூணாம் நாள் வந்தன.
தகரம் தட்டினார். டார்ச் அடித்தார்.
கெட்ட வார்த்தை அத்தனையும் தீர்ந்தது.
ஒரு கிழட்டுப் பன்றி
வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே
தண்டைக் கடித்தது, நிதானமாக,
பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி.

கைக்கு அகப்பட்டது அந்தக் கீறல் கூடு.
அடியில் செத்த கேப்பை
நான் இன்னும் எடுத்திருக்கவில்லை; காற்று ஒழுகாது.
கீழுதட்டில் வைத்து ஊதினேன்.
முதலில் வெறும் மூச்சு.
பிறகு கோணம் தட்டுப்பட்டது.
மெலிசாய், கிழிந்த ஓரத்தோடு
ஒரு சீழ்க்கை, கடனாற்றுப் பக்கம் போய்
பாறையில் முட்டித் திரும்பியது.

மெல்லுவது நின்றது.
எத்தனையோ ராத்திரி
வெடிக்குப் பின்னால் வந்த கரி வாசம்
அந்தப் பித்தளையில் ஒட்டியிருந்ததோ,
இல்லை, புதுச் சத்தம் என்ற குழப்பமோ.
பன்றி மனசு எனக்கென்ன தெரியும்.
குட்டிகள் முதலில் திரும்பின.
கிழடு கடைசியாக, வாயில் பாதித் தண்டோடு.

'நாளைக்கும் ஊதினா ஓடுமா?' என்றார்.
'ஓடாது' என்றேன்.

காலையில் எண்ணினோம். பதினாலு வாழை போச்சு.
அவர் வேலி கட்ட முள் வெட்டப் போனார்.
நான் ஆணியைத் தேடி எடுத்து
ஏழாவது கோட்டைப் போட்டேன்.